ஏரி உறைந்த பிறகு உடுத்திக்கொள்வது

உள்ளே கம்பளி பனியன், மேலே மார்பு வரை ஏறும் பிப் பேன்ட், அதற்கு மேல் கனமான குளிர்கால ஜாக்கெட், காலில் பூட்ஸ். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகும்போது உடுத்தும் இத்தனையையும் போட்டுக்கொண்டு, ஐஸ் உடைந்து விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, போன மாதம் ஒரு நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் நின்றேன். குளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். அத்தான் கரையில் கயிற்றோடு நின்றார்.

"குதிக்காதே மச்சான். சும்மா ஒரு அடி எடுத்து வை, ஐஸ் உடைஞ்ச மாதிரி" என்றார்.

வைத்தேன். தலை ஒரு கணம் உள்ளே போய் மேலே வந்தது. ஜாக்கெட்டுக்குள் இருந்த காற்று தோள் பக்கம் திரண்டு காலரைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டது. அப்புறம் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. முதுகுத்தண்டின் மேல் ஒரு கோடாக அது இறங்குவதை என்னால் உணர முடிந்தது. பேன்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட காற்று கால்களை மேலே தூக்கியது. மல்லாந்து மிதந்தேன். குப்புறத் திரும்பி விளிம்பைப் பிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றி உடம்பை மேலே இழுத்தேன். இடுப்புவரைகூட வரவில்லை. உடுப்புக்குள் புகுந்த தண்ணீர், தண்ணீருக்குள் இருக்கும்வரை எடை காட்டாது. உடம்பு மேலே வரவர அது அத்தனையும் எடையாகிவிடுகிறது. "கையால தூக்காதே, காலை அடி, படுத்தாப்போல வா" என்று அத்தான் கத்தினார். உடம்பு நீர்மட்டத்துக்குப் படுக்கையாக வரும்வரை காலை உதைத்தேன். அப்படியே வயிற்றால் வழுக்கிக் கரையில் ஏறினேன். பேன்ட்டின் கீழ்விளிம்பில் வலைத்துணி வைத்துத் தைத்த வடிகால் இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்த வலைத்துணியை வாங்கும்போது நான் கவனிக்கக்கூட இல்லை.

அது வெதுவெதுப்பான குளம். உறைந்த ஏரியில், ஐஸுக்கு அடியில் ஒட்டி இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரி. ஆழத்தில் நாலு டிகிரி இருக்கலாம்.

உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குகிறவர்களுக்கு உடுப்பு வாங்குவது பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் வைத்தார்கள்: எந்த ஜாக்கெட் எத்தனை டிகிரி தாங்கும்? நானும் ஆறு வருடம் முன்பு அதைத்தான் கேட்டேன். ஆனால் ஏரிமேல் போகும் ஒருவருக்கு ஒரே நாளில் மூன்று உடம்பு இருக்கிறது. ஸ்லெட்டை (பனியில் சறுக்கும் வண்டி) இழுத்துத் துளை போட்டு வியர்க்கும் உடம்பு ஒன்று. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நாலு மணி நேரம் அசையாமல் உட்காரும் உடம்பு ஒன்று. மூன்றாவது, வரவே கூடாத ஒன்று: தண்ணீருக்குள் விழுந்த உடம்பு. டிகிரிக் கணக்கு இரண்டாவது உடம்பைப் பற்றி மட்டும்தான் ஏதோ சொல்கிறது. அதையும் அரைகுறையாகத்தான் சொல்கிறது.

முதல் பருவத்தில் என்னிடம் இருந்தது தெருவில் போட்டுக்கொள்ளும் ஜாக்கெட். வாத்து இறகு அடைத்தது, நல்ல தரம். அன்று மைனஸ் 14. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் ஸ்லெட்டை இழுத்தேன். ஐஸைத் துளைக்கக் கையால் சுற்றும் ஆகர் என்ற திருகு, முழங்கை ஆழத்துக்கு ஐஸ், ஆறு துளை. ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை, ஏனென்றால் குளிர் என்று பயம். ஆறாவது துளையில் தண்ணீர் பொங்கி வந்தபோது முதுகு முழுக்க நனைந்திருந்தது. உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் சுகம். இருபதாவது நிமிடம் குளிர் வந்தது. அது வெளியிலிருந்து வரவில்லை, என் பனியனிலிருந்தே வந்தது. ஒரு மணி நேரத்தில் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட விரல் மடங்கவில்லை. வண்டிக்குத் திரும்பி ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் இறகெல்லாம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. உள்துணியில், தோள்பட்டை இருந்த இடத்தில், வெள்ளையாகப் பொடி. தொட்டுப் பார்த்தேன், உறைபனி. என் வியர்வைதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் உண்டாக்குகிறது, ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு. கனமான வேலை செய்யும்போது அது நாலைந்து மடங்கு ஆகிவிடும். உடுப்பின் கதகதப்பை அளக்க 1941-இல் கேஜ், பர்ட்டன், பேஸட் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 'க்ளோ' என்றோர் அலகைக் கொண்டுவந்தார்கள். 21 டிகிரி அறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடுப்பு ஒரு க்ளோ. இந்தக் கணக்கை மைனஸ் 20-க்குப் போட்டுப் பார்த்தேன். துளை போடும் நேரத்துக்கு இரண்டு க்ளோவுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். அதே ஆள் உட்கார்ந்துவிட்டால் ஏழுக்கு மேல் வேண்டும். தோராயக் கணக்குதான், ஆனாலும் மூன்று மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் சரிவரும் ஒரே ஜாக்கெட் எப்படி இருக்க முடியும்?

இருக்க முடியாது. அதனால் ஜாக்கெட்டைத் தேடுவதற்கு முன்னால் அதைக் கழற்றக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போது நான் கரையிலிருந்து கிளம்பும்போது கனமான ஜாக்கெட் ஸ்லெட்டில்தான் இருக்கும். உடம்பில் மெல்லிய மெரினோ கம்பளி, அதன்மேல் காற்றை மட்டும் தடுக்கும் ஒரு மெல்லிய சட்டை, எப்போதும் ஒரு மிதவை வெஸ்ட் (அதைப் பற்றிப் பிறகு). முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். குளிராமல் கிளம்பினால் வழியில் வியர்க்கும். துளையெல்லாம் போட்டு முடித்த உடனே, உடம்பு ஆறும் முன்னால், ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்கிறேன். குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் அது குளிரைத்தான் உள்ளே பூட்டி வைக்கிறது. வியர்த்துவிட்டது என்று தெரிந்தால் கூச்சப்படாமல் பனியனையும் தொப்பியையும் மாற்றிவிடுவேன். முப்பது வினாடி நடுங்குவேன், அப்புறம் நாலு மணி நேரம் நிம்மதி.

பிப் பேன்ட்டை அப்படிக் கழற்ற முடியாது. அதனால் பிப்பில் நான் பார்ப்பது பக்கவாட்டு ஜிப்தான். கணுக்காலிலிருந்து தொடைவரையாவது திறக்க வேண்டும், இடுப்புவரை திறந்தால் இன்னும் நல்லது. நடக்கும்போது திறந்துவிட்டால் ஆவி வெளியே போகும். பூட்ஸைக் கழற்றாமல் பிப்பை மாட்டவும் கழற்றவும் முடியும். முதுகுப் பக்கம் உயரமாக இருக்கிறதா என்றும் பார்ப்பேன். துளைக்குமேல் குனிந்து ஐஸ் துகளை அள்ளும்போது சாதாரண பேன்ட்டில் இடுப்புக்கு மேலே ஒரு கையகலம் திறந்துகொள்ளும். காற்று நேராக அங்கேதான் வரும்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு. ஏரிமேல் வாத்து இறகு வேண்டாம். காய்ந்திருக்கும்வரை எடைக்கு எடை அதைவிடக் கதகதப்பானது இல்லை. நனைந்தால் உப்பல் போய்விடும், உப்பல் போனால் காற்று போய்விடும், காற்றுதானே கதகதப்பு. ஐஸ் மீன்பிடிப்பில் நனையாமல் இருக்கவே முடியாது. துளையிலிருந்து தண்ணீர் தெறிக்கிறது, மீனை எடுக்கக் கை உள்ளே போகிறது, மண்டியிட்டால் சகதிப்பனி. அமெரிக்க ராணுவம் 1980-களில், நனைந்தாலும் உதவுகிற இறகு மாற்று ஒன்றைத் தேடியபோது பிறந்ததுதான் ப்ரைமாலாஃப்ட் என்ற செயற்கை இழை. 3எம் நிறுவனத்தின் தின்சுலேட்டும் அதே வகையைச் சேர்ந்தது. இரண்டில் எதுவானாலும் சரி. துணிச்சீட்டில் 150 கிராம், 200 கிராம் என்று போட்டிருப்பதை ஜாக்கெட்டின் எடை என்று நினைக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டர் அடைப்பின் எடை அது. மார்பில் 200 போட்டுவிட்டுக் கையில் 100 போட்டிருப்பார்கள், அதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

பருத்தியைப் பற்றி ஒரே வரி: உள்பனியன், ஜட்டி, காலுறை, எதிலும் வேண்டாம். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தைக் குடித்த பிறகும் ஈரமென்று தோலுக்குக் காட்டாது.

இந்த விஷயத்தில் எல்லோருக்கும் மூத்தவர்கள் வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள். கரிபூ மானின் ரோமத்துக்குள் காற்று அடைபட்டிருக்கும். அந்தத் தோலில் இரண்டு அங்கி. உள்ளங்கியின் ரோமம் உடம்பைப் பார்த்து, வெளியங்கியின் ரோமம் வெளியைப் பார்த்து. இரண்டும் தொளதொளவென்று இருக்கும், நடுவில் காற்று நிற்கும். வீட்டுக்குள் நுழையும் முன்பு அங்கியில் ஒட்டிய பனியைக் குச்சியால் தட்டி உதிர்ப்பார்கள். உள்ளே போய் உருகினால் தோல் நனைந்துவிடும் என்பதால். ஏரிமேல் போட்ட கூடாரத்தில் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பனியோடு அப்படியே உள்ளே போய் உட்காருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குச்சியை நினைத்துக்கொள்வேன். நானும் இப்போது ஒரு சின்ன பிரஷ் வைத்திருக்கிறேன்.

சரி, வெளித்துணி. முதல் வேலை காற்றைத் தடுப்பது. ஏரிமேல் மரம் இல்லை, மேடு இல்லை, கட்டடம் இல்லை. அண்டார்க்டிகாவில் சைப்பல், பேஸல் என்ற இருவர், தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் காற்றில் தொங்கவிட்டு அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து 1945-இல் வெளியிட்டார்கள். காற்றுக்குளிர் என்று வானிலை அறிக்கையில் வருவதன் தொடக்கம் அது. கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் மனித முகங்களை வைத்து அளந்து அந்தக் கணக்கைத் திருத்தின. அதன்படி மைனஸ் 20-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 33 போல. அந்த அளவில் மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கும். ஆகவே ஜாக்கெட்டோடு சேர்ந்த தலைமூடி (ஹூட்) ஆழமாக இருக்க வேண்டும், கன்னத்தைத் தாண்டி முன்னால் வர வேண்டும், தலையைத் திருப்பினால் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாத தலைமூடி ஆபத்து. பக்கத்தில் பனிவண்டி வருவது தெரியாது.

அடுத்தது நீர்புகாத தன்மை. 5,000 மில்லிமீட்டர், 10,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அந்தத் துணியின்மேல் அவ்வளவு உயரத் தண்ணீர்த்தூண் நின்றாலும் கசியாது என்று பொருள். மழைக்கு 5,000 தாராளம். ஆனால் நாம் மண்டியிடுகிறோம். 75 கிலோ ஆள் இரண்டு முழங்காலில் நின்றால், ஒவ்வொரு முழங்காலும் தரையைத் தொடும் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே விழும் அழுத்தம் ஏழரை மீட்டர் தண்ணீர்த்தூணுக்குச் சமம், அதாவது 7,500 மில்லிமீட்டர். மேல்துணி 5,000 என்றால் முழங்கால் நனையும். என் முதல் பிப்பில் இதுதான் நடந்தது. எல்லா இடமும் காய்ந்திருக்க, முழங்கால் இரண்டு மட்டும் மதியத்துக்குள் ஈரமாகி, பிறகு தகடுபோல் உறைந்துவிடும். பிப்புக்கு 10,000 கேளுங்கள். முழங்காலில் தனி நுரைத்திண்டும் கேளுங்கள். நுரை பரப்பைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்கிறது, குளிரையும் தடுக்கிறது. ஜாக்கெட்டில் இதற்காக அதிகம் செலவழிக்கத் தேவையில்லை.

காற்றோட்டத் துணி என்று விற்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 1969-இல் பாப் கோர், டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்து, தண்ணீர்த்துளி போகாத ஆனால் ஆவி போகும் நுண்துளைப் படலத்தைக் கண்டுபிடித்தார். அருமையான பொருள், சந்தேகமில்லை. ஆனால் ஆவி அந்தப் படலத்தை அடையும் முன்பே குளிர்ந்து உறைந்துவிட்டால் படலம் என்ன செய்யும்? கடுங்குளிரில் அதுதான் நடக்கிறது. ஜாக்கெட்டின் அடைப்புக்கு வெளியே, மேல்துணியின் உட்புறத்தில் வியர்வை உறைபனியாகப் படிகிறது. அதனால் மைனஸ் 20-க்குக் கீழே நான் படலத்தை நம்புவதைவிட ஜிப்பை நம்புகிறேன். அக்குளுக்கு அடியில் திறக்கும் ஜிப் இருந்தால் அந்த ஜாக்கெட்டுக்கு என்னிடம் ஒரு மதிப்பெண் கூடும்.

இப்போது அந்த மூன்றாவது உடம்பு.

மூன்றாவது வருடம், பருவத்தின் கடைசி வாரங்கள். ஏரியின் நடுவில் நல்ல ஐஸ். மாலையில் கரைக்குத் திரும்பும்போது நாணல் பக்கமாகச் சுருக்குவழியில் போனேன். நாணல் தண்டு வெயிலை உறிஞ்சித் தன்னைச் சுற்றி ஐஸை இளக்கும் என்று தெரிந்திருந்தும் போனேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஈரத்துணியைக் கிழித்த மாதிரி. இடது கால் தொடைவரை உள்ளே போனது. அங்கே ஆழம் இல்லாததால் கால் சேற்றில் நின்றது. நான் நினைத்துப் பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. நனைந்தது ஒரு கால் மட்டும்தான், மார்புகூட நனையவில்லை, ஆனாலும் வாய் தானாகத் திறந்து காற்றை இழுத்தது. மீண்டும் மீண்டும். தலை நீருக்குள் இருந்திருந்தால் அந்த முதல் மூச்சில் தண்ணீர்தான் போயிருக்கும்.

மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், இந்த ஆராய்ச்சிக்காகப் பல தடவை தானே பனித்தண்ணீரில் இறங்கியவர். அவர் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கையும் காலும் நாம் சொன்னதைச் செய்ய பத்து நிமிடம். குளிரால் நினைவு போக ஏறத்தாழ ஒரு மணி நேரம். விழுந்தவுடன் உறைந்து இறந்துவிடுவோம் என்ற பயத்தில் முதல் நிமிடத்தை வீணாக்கக் கூடாது. அந்த ஒரு நிமிடமும் தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும். பத்து நிமிடம் முடிந்து கை செத்த பிறகும் தலை மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் அந்த ஒரு மணி நேரம் நம்முடையது. மிதவை உடுப்பின் வேலை இது மட்டும்தான். அது கதகதப்புக்காக இல்லை. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது, அடைப்புக்குள் தண்ணீர் புகுந்த பிறகு தின்சுலேட்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

சாதாரண கனத்த ஜாக்கெட்டும் கொஞ்ச நேரம் மிதக்கும், உள்ளே காற்று இருப்பதால். உடுப்பின் கனம் ஆளை உடனே கீழே இழுக்கும் என்பது தவறு, விழுந்தவுடன் ஜாக்கெட்டைக் கழற்ற முயல வேண்டாம். ஆனால் அந்தக் காற்று கசிந்துவிடும். தண்ணீரை உறிஞ்சாத மூடிய குமிழ் நுரை வைத்துத் தைத்த உடுப்பில் மிதப்பு கசியாது, அதுதான் வித்தியாசம்.

இங்கேதான் துணிச்சீட்டை மிகக் கவனமாகப் படிக்கச் சொல்வேன். மீன்பிடிக்காரர்களுக்கு விற்கும் பல மிதவை உடுப்புகள் 'மிதக்க உதவும்' என்று மட்டுமே சொல்கின்றன. அவை சான்றிதழ் பெற்ற உயிர்காப்பு உடை இல்லை, அந்த வரி எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். அவற்றை மட்டம் என்று சொல்ல மாட்டேன், நான் போட்டிருப்பதே அந்த வகைதான். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். சான்று வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 12402-5 என்ற எண்ணைப் பாருங்கள், அது 50 நியூட்டன் மிதவைத் துணைக்கான தரம். நாள் முழுக்க உடுத்தும், தண்ணீரில் விழுந்தால் குளிரிலிருந்து காக்கும் உடைகளுக்கு ஐஎஸ்ஓ 15027-1 இருக்கிறது. 50 நியூட்டன் என்றால் ஏறத்தாழ ஐந்து கிலோவைத் தாங்கும் மிதப்பு. கேட்கக் குறைவாக இருக்கும், ஆனால் உடம்பே பெரும்பாலும் மிதக்கக்கூடியது, வாயை மேலே வைக்க அவ்வளவு போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த வகை எதுவும் மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பாது.

புதிதாக மிதவை உடுப்பு வாங்க முடியாவிட்டால் இருக்கும் ஜாக்கெட்டின் மேலேயே சாதாரண நுரை மிதவை வெஸ்ட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க எப்படி இருந்தாலும் சரி. காற்று நிரம்பும் வகை வெஸ்ட் மட்டும் வேண்டாம், வாயுக்குப்பியை நம்பும் அது உறைகுளிருக்கு ஏற்றதில்லை. ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு நடக்கும்போது ஜாக்கெட் ஸ்லெட்டில் கிடக்கிறதல்லவா, ஐஸ் உடைவது பெரும்பாலும் நடக்கும்போதுதான். நடக்கும்போது நான் வெஸ்ட்டைக் கழற்றாததற்குக் காரணம் அது.

பிறகு ஐஸ் பிக். இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் ஒரு கூரான ஆணி. ஈரமான ஐஸில் வெறும் கை வழுக்கும், இதைக் குத்தித்தான் உடம்பை இழுக்க முடியும். சில ஜாக்கெட்டுகளில் மார்பில் இதற்கென்றே உறை வைத்திருக்கிறார்கள். உள்பையில் வைத்தால் இல்லாததற்குச் சமம். கண்ணை மூடிக்கொண்டு, கனத்த கையுறையோடு, மூன்று வினாடிக்குள் இரண்டையும் எடுக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். குளத்தில் நான் முதல் தடவை எடுக்கப் போனபோது, தூக்கிக்கொண்ட காலர் உறையை மறைத்துவிட்டது. இப்போது அதை நாலு விரல் கீழே இறக்கித் தைத்திருக்கிறேன். ஏறுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன்: வந்த திசைக்குத் திரும்புங்கள், அந்தப் பக்க ஐஸ்தான் உங்களை இதுவரை தாங்கியது. பிக்கைக் குத்தி, காலை உதைத்து, படுக்கையாக ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு போங்கள்.

இதெல்லாம் இருக்கிறது என்று ஐஸை அளக்காமல் இறங்கக் கூடாது. தெளிந்த கருப்பு ஐஸ் நடப்பதற்கு 10 சென்டிமீட்டராவது வேண்டும். பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸ் அதில் பாதி பலம்தான், அதனால் இரண்டு மடங்கு. மிதவை உடுப்பு போட்ட முதல் நாள் நான் கொஞ்சம் தைரியமாக நடந்தேன். அத்தான் கண்டுபிடித்துவிட்டார். "உடுப்பு வாங்கினதும் நடை மாறுது பாரு" என்றார். அதற்குப் பிறகு அளக்கும் இடைவெளியை நான் குறைத்துக்கொண்டேன்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கழுத்துத்துண்டு வேண்டாம். இயந்திர ஆகருக்குமேல் குனியும்போது தொங்கும் எதுவும் சுழலும் திருகில் சிக்கும். கழுத்துக்கு உயரமான காலரும் குழல்போன்ற கழுத்துறையும் போதும். தலைமூடியின் நாடாவையும் உள்ளே செருகிவிடுங்கள். ஜிப் பெரிய பல் வைத்த பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இழுக்கும் வளையம் கையுறையோடு பிடிக்கும் அளவுக்கு. கைமணிக்கட்டில் நீட்டும் துணியாலான உள்பட்டை இருந்தால் மீன் எடுக்கும்போது தண்ணீர் முழங்கைக்கு ஓடாது. கையை நுழைத்துச் சூடேற்றிக்கொள்ளும் ஜாக்கெட் பைகள் உயரத்தில் இருக்க வேண்டும், உட்கார்ந்தபடியே கை நுழைய வேண்டும். நின்றுகொண்டு போட்டுப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. கூடாரத்தில் ஹீட்டர் வைப்பவர்கள் நைலான் உருகும் என்பதை மறக்க வேண்டாம், பிப்பின் கணுக்கால் பக்கம்தான் முதலில் போகும்.

நிறம். கருப்பு உடுப்பு ஏன் இவ்வளவு விற்கிறது என்று எனக்கு வருத்தமே உண்டு. அந்தி வெளிச்சத்தில், பனி பறக்கும்போது, பனிவண்டி ஓட்டி வருபவருக்கு வாளிமேல் உட்கார்ந்த கருப்பு உருவம் ஒரு கல்தான். ஆரஞ்சு, இல்லையென்றால் மஞ்சள். தோளிலும் முதுகிலும் ஒளி திருப்பும் பட்டை. மீன் பயந்துவிடும் என்று சொல்வார்கள். பனி மூடிய கெட்டி ஐஸுக்கு அடியில் இருக்கும் மீனுக்கு உங்கள் சட்டை நிறம் எங்கே தெரியப் போகிறது?

அளவு பார்க்கும்போது உள்ளே போடப்போகும் அத்தனையையும் போட்டுக்கொண்டு பாருங்கள். தாழ்வான எதிலாவது உட்காருங்கள், மண்டியிடுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், குனிந்து தரையில் ஒரு காசை எடுங்கள். எங்கேயாவது பிடித்தால் அங்கே அடைப்பு நசுங்குகிறது, நசுங்கிய இடம் குளிரும். வாளியில் உட்காரும் இடமும் அப்படித்தான் நசுங்கும், எந்த பிப்பாலும் அதைத் தடுக்க முடியாது. ஒரு துண்டு மூடிய குமிழ் நுரைப்பாயை வாளிமேல் ஒன்று, காலடியில் ஒன்று போட்டால் மறுநாளே வித்தியாசம் தெரியும். பூட்ஸும் தளர்வாக வேண்டும். இறுக்கமான பூட்ஸில் மூன்று காலுறை போடுவதைவிடத் தளர்வான பூட்ஸில் ஒரு காலுறை மேல், ஏனென்றால் ரத்தம் ஓடினால்தான் விரலுக்கு வெப்பம் வரும்.

குழந்தைகளுக்கு மட்டும் அளவு விஷயத்தில் வேறு பேச்சு. வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. மிதவை உடுப்பில் அதைச் செய்யவே கூடாது. தொளதொளத்த ஜாக்கெட் தண்ணீரில் மேலே ஏறி முகத்தை மூடிவிடும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போய்விடும். என் மகளுக்கு வயது ஒன்பது. இந்த வருடம் அவளுக்கு உடம்புக்குப் பொருந்தும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் பிப்பும், அதன்மேல் போட கால்களுக்கு இடையே பட்டை வரும் நுரை வெஸ்ட்டும் வாங்கியிருக்கிறோம். அத்தான் அவளுக்கென்று சின்னதாக ஒரு ஜோடி ஐஸ் பிக் செய்து, கூரில் தக்கை செருகிக் கொடுத்திருக்கிறார். கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதை வைத்துக் கம்பளத்தில் ஊர்ந்து பழகிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை குளத்துக்குக் கூட்டிப்போகிறோம். இந்தத் தடவை கயிறு என் கையில்.